வெறும் உரல்

– அதை வை அக்கா. இடியப்ப உரலை வைச்சிட்டு என்ரை முகத்தைப் பார்.

– வாயாலை கதை, நோபேட். கையிலை வேலை கிடக்கு. வெள்ளவத்தைக் கடைக்காரன் பின்னேரம் இடியப்பத்துக்கு வந்து நிப்பான்.

– மெல்ரோயைப் பெட்டிக்குள்ளை வைச்சாச்சு எண்டு சொல்லுறன். முகத்துவாரத்திலையிருந்து நடந்தே வாறன். பஸ்ஸிலை ஏறினா ஆக்கள் என்னையே பார்க்கிறாங்கள்... அதென்ன, கூரையெல்லாம் துடைச்சிருக்கிறாய்? கரி பிடிச்சுக் கிடந்ததே!

– துடைச்சன். சுவரும் துடைச்சன். மெல்ரோய், மெல்ரோய் எண்டு நீ சும்மா கத்தாதை. விடிய வந்து இடியப்பம் வாங்கிக்கொண்டு போனவன்.

– ஆர்?

– மெல்ரோய்.

– அக்கா, அவன் மோர்ச்சரியிலை கிடந்தவன். இண்டைக்குத்தான் பொடியைத் தந்தவங்கள்.

– அப்ப வேறை ஆராவதா இருக்கும். ஆனா சம்பல் கூடப் போடச் சொல்லிக் கேட்டான். அப்பிடிக் கேக்கிறது மெல்ரோய் தான்.

– நீ எப்ப நித்திரை கொண்டனீ?

– நித்திரை கொண்டா ஓடரை ஆர் அவிக்கிறது? உன்ரை மாமியோ?

– பகிடி விடாதை. பல்லை நெருமாதை, காது கூசுது. சாப்பிட்டனியோ?

– தேத்தண்ணி குடிச்சன். இனிப்புக்குப் போடுற சீனிக் குளிசை முடிஞ்சுது, வெறுந் தேத்தண்ணி.

– சலரோகக்காரி வெறுவயித்தோடை நிக்கிறாய். மாதாவே... சரி, கேள். பின்னேரம் வேலை யாட்டிலை, மெல்ரோய் செத்ததுக்கு விசாரணை. சாமானைத் தூக்கச் சொல்லிக் கிரேன்காரனுக்குக் கை காட்டினது நான். கொழுக்கி பூட்டியிருக்கோ எண்டு பார்க்க வேண்டியதும் நான். அந்த நேரம் பார்த்து ஒரு காகம், சத்தியமா அக்கா, ஆற்றையோ சோத்துப் பாசலைத் தூக்கிக்கொண்டு பறக்குது. அதைப் பார்த்தபடியே கையைக் காட்டிப்போட்டன். மெல்ரோய் கீழை நிண்டவன், சாமான் கழண்டு அவனுக்கு மேலை விழுந்திட்டுது.

– காகம் கீகம் எண்டு அங்கை போய்ச் சொல்லாதை.

– சொல்லிப்போட்டன்! "குளிசை போட்டனியோடா?" எண்டு கனகசபாபதி கேட்டார். அவர் தானே எங்களுக்கு மேலாள், ஒண்டிலை மனம் நிக்காத என்ரை வருத்தம் அவருக்குத் தெரியும். போட்டனான் எண்டன். "ஒருத்தன் செத்துக் கிடக்கிறான், பொய் சொல்லாதை" எண்டார். போடாமல் வந்தனான் எண்டு முடிவு கட்டினா வேலையும் போச்சு, என்னையும் உள்ளுக்குப் போடுவாங்கள். நீ வந்து சொல்ல வேணும் அக்கா. ஒவ்வொரு விடியக்காலமையும் உன்ரை கையாலை தானே தாறனீ.

– துலைச்சுப்போடுவன் எண்டு நீ தானே போத்தலை என்னட்டைத் தந்தனீ.

– ஓம். உன்னை விட்டா ஆரை நம்புறது? குளிசை தொடங்கினாப் பிறகு தான் நான் மனிசனானன். முந்தி மண்டைக்குள்ளை கொட்டாஞ்சேனைச் சந்தி. ஹோர்ன், மீன்காரன், கோயில் மணி, எல்லாம் ஒரே நேரத்திலை. குளிசை போட்டா, கர்ஃபியூ விழுந்த மாதிரி. ஒரு கோப்பைத் தேத்தண்ணியை இருந்து அடிமட்டும் குடிச்சு முடிப்பன். இப்ப கொஞ்ச நாளாத் திரும்பவும் சந்தி திறந்திட்டுது.

– முதலே சத்தமில்லாத ரோட்டிலை கர்ஃபியூ போட்டா?

– என்னது?

– வருத்தமில்லாத ஆள் அதைப் போட்டா எண்டு கேக்கிறன்.

– டொக்டரம்மா ஏசித் தான் தந்தவ, ஆருக்கும் குடுத்திடாதை எண்டு. வேலைக்கு நல்லது எண்டு தான் தொடங்குவினமாம். பசி போகும், நித்திரை போகும், நெஞ்சு அடிக்கும். அளவு மீறினா, சிலபேருக்கு இல்லாத ஆக்களும் வந்து நிப்பினமாம்.

– வேலைக்கு நல்லது தான்.

– என்ன சொன்னாய்?

– இடியப்பத்தைச் சொன்னன். அந்தத் தட்டை இஞ்சாலை தள்ளு.

– இதிலை ஒண்டும் இல்லையே... அக்கா. உரலுக்குள்ளையும் மா இல்லை. நான் வந்த நேரம் தொட்டு நீ வெறும் உரலைத்தான் பிழியிறாய்.

– இருக்கு. வடிவாப் பார்.

– கையைக் காட்டு. ஐயோ, உள்ளங்கை முழுக்கத் தோல் உரிஞ்சு கிடக்கு! வலிக்கேல்லையோ உனக்கு?

– வலிச்சா நிப்பாட்டியிருப்பன் தானே. விடு கையை.

– வா, எழும்பு. முகத்தைக் கழுவி, சீலையை மாத்து. ஒரே ஒரு வசனம் சொன்னாப் போதும்: "குளிசையை என்ரை கையாலை நான் தான் குடுத்தனான்." மிச்சத்தை நான் பார்க்கிறன். புதுக் குளிசை எனக்கு வேலை செய்யேல்லை எண்டு சொல்லுவன்.

– புதுக் குளிசையோ?

– இப்ப நீ தாறது இனிக்குது தானே? முந்தினது கசக்கும். மருந்துத் தட்டுப்பாட்டிலை வேறை கொம்பனிச் சாமானைத் தந்திருக்கிறாங்கள் எண்டு நினைச்சன்... நீ ஏன் அங்கை பார்க்கிறாய்? கதவடியிலை ஆருமில்லை.

– மெல்லக் கதை. அவனுக்குக் கேக்கும்.

– ஆருக்கு?

– விடிய வந்தவன் போகேல்லை, தம்பி. இடியப்பத்துக்கு வந்தவன் எண்டு தான் நானும் நினைச்சன். உள்ளுக்கு வா எண்டாலும் வாறானில்லை, படியிலை நிண்டுகொண்டு ஒண்டைத்தான் கேக்கிறான்: "யூஜினாக்கா, தேத்தண்ணிக்குப் போடுற சீனிக் குளிசையை நோபேட்டுக்குக் குடுத்திட்டு, அவன்ரை குளிசையை நீங்கள் ஏன் விழுங்கினீங்கள்?"