லியோனார்டின் எடை

இன்ஸ்பெக்டர் ஐயா, எனக்கு டாக்டர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் எண்களைத் தெளிவாக எழுதுவேன். அதனால்தான் எண்ணூர் சாயக் கம்பெனியில் சனிக்கிழமைதோறும் ஆட்களை எடை போட்டு எழுதும் வேலையைக் கொடுத்தார்கள்.

கறுப்புச் சாயத்துக்கு ஒரு மஞ்சள் தூள் வரும். அதைக் கலக்கும் கொட்டகையில் நிற்பவனுக்குச் சதா பசிக்கும், வேர்த்துக் கொட்டும். கம்பெனி டாக்டர் விளக்கினார்: தின்பது உடம்பில் எரிந்து பலமாக மாற வேண்டும். இந்தத் தூள் உள்ளே போனால், பெட்டிகளைக் கழற்றிவிட்ட ரயில் எஞ்சின் கதைதான். கரி எரியும், எதையும் இழுக்காது, சும்மா கொதிக்கும். பச்சைக் குழந்தை குளிர் தாங்க உடம்பே கொஞ்சம் அப்படி எரிக்குமாம். பெரியவன் தூளால் எரிந்தால் கோடையில் செத்துப்போவான். ஆகவே இரண்டு கிலோ குறைந்தவனை அன்றே மூட்டை தைக்க மாற்றிவிட வேண்டும். டாக்டர் சொன்னதில் இதை மட்டும் நம்பினேன்.

லியோனார்ட் அந்தக் கொட்டகை ஆள். ராயபுரத்தில் எங்கள் அடுத்த வீடு. இருபத்தாறு வயது, தனியாள். எனக்கு ஐம்பத்தெட்டு, என் மனைவி பிலோமிக்கு முப்பத்து நாலு. பசி என்று வாசலில் வந்து நிற்பான். இவள் போடுவாள்.

"இன்னாக்கா, மீன் தலை இல்லியா?"

"தல அவருக்குடா. நீ வாலத் துண்ணு, ஆட்டிக்கினே போ."

சிரித்தாள். என்னிடம் அப்படிச் சிரித்ததில்லை.

ஏப்ரலில் ஒருநாள் சொன்னாள்: "அந்தப் புள்ளைக்கு மாரெலும்பு தெரியுதுய்யா. ஒயுங்கா எட போடறியா இல்லியா?"

அவன் மார்பு இவளுக்கு எப்படித் தெரியும்? அந்த வெயிலில் தெருவே சட்டையில்லாமல்தான் உட்கார்ந்திருந்தது. அது இப்போது ஞாபகம் வருகிறது.

அந்தச் சனிக்கிழமை தராசு ஐம்பத்தாறு காட்டியது. நான் பழைய அறுபதையே எழுதினேன்.

"எவ்ளோ கீறேன், மாமு?"

"கல்லு மாரி கீற. போ."

ஐந்து வாரம் அறுபதே எழுதினேன். மே கடைசியில், மத்தியானம், கொட்டகையிலேயே விழுந்தான். தொட்டால் தோசைக்கல்லாய்ச் சுட்டது. தண்ணீர் ஊற்றினார்கள், நானும் ஊற்றினேன். சாயங்காலம் போய்விட்டான். ஆஸ்பத்திரியில் பிணத்தை எடை போட்டபோது ஐம்பத்தொன்று. அதைப் பார்த்துத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

தராசில் குற்றமில்லை. செத்துப்போவான் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

பிலோமி இப்போது என்னிடம் பேசுவதில்லை. வேறு எந்த ஆம்பிளையிடமும் பேசுவதில்லை. எனக்கு அது போதும், ஐயா.