அழிச்சதும் வரும்

— அந்தக் கதவச் சாத்து மகள். டக்கு டக்கெண்டு தெருவுக்கே கேக்குது.

— சாத்தினாப் புழுங்கும் வாப்பா. இதுக்குச் சூடு கூடா. அதுதான் ஃபேனையும் இதுக்கு நேராத் திருப்பி வச்சிருக்கன்.

— பெத்தவன் வேர்வையில நிக்கிறன், நீ ஒரு இரும்புத் துண்டுக்குக் காத்துப் புடிக்கிறாய்.

— இரும்புத் துண்டில்ல, ஹாட் டிஸ்க். மூச்சிழுத்துக்கிட்டுக் கிடக்கு. உள்ளுக்குள்ள நான் படமெடுத்த அறுபது கலியாணப் பொண்ணுகள் இருக்காங்க.

— அவங்கட படங்கள அவங்கட ஊட்டாருக்குக் குடுக்கல்லியா?

— ஆல்பம் குடுத்தது கொஞ்சப் பேருக்குத்தான். மத்தவங்க, "போன்ல வச்சா ஆம்புளைகள் பாத்திருவானுகள், உங்கட கையிலேயே அமானிதமா இருக்கட்டும் றுஸ்னா"ண்டு விட்டிட்டாங்க. வேற கொப்பி ஒருத்தர்ட்டயும் இல்ல.

— அமானிதமெண்டா அமானிதந்தான், நம்பி ஒப்படைச்ச பொருள். திருத்திற கடையில குடுக்கல்லியே?

— குடுக்க வேணாண்டு சொன்னதே நீங்கதானே!

— ஓம், சொன்னன். இந்தப் பள்ளிக்கூட அதிபர் பக்கீர் முகைதீன்ட மகளை நம்பித் தலைத்துணிய எடுத்த புள்ளைகள். பிற ஆம்புளைட கண் அதுல படப்படா.

— படல்ல. கடைக்கார அனுசனுக்குப் போன் எடுத்தன், அவன் வழியச் சொல்லித் தந்தான், நானே செய்யிறன். பழைய டிஸ்க்க அப்படியே புதிசுக்குக் குளோன் எடுக்கிற. நூத்துக்கு ஆறு வீதம் வந்திரிக்கி.

— விடிய சுபஹுக்குத் தொழுதிட்டுத் தொடங்கினாய். இப்ப பகல் லுஹருக்குப் பாங்கும் சொல்லிட்டு. ஆறு வீதமா?

— பழுதான இடத்துல நிண்டு நிண்டு வாசிக்குது. இடையில நிப்பாட்டினா திரும்பச் சுத்தாது எண்டான் அனுசன். ஒரு ஊட்டார் வந்து என்ட மகள்ட படம் எங்க எண்டு கேட்டா, நான் எந்த முகத்தோட நிக்கிற?

— பயப்படாத. ஆயத்துல் குர்ஸி ஓது. எல்லாம் வரும்.

— வரும். அழிச்சதும் வரும்.

— என்ன சொன்ன?

— அழிச்சதும் வரும். சும்மா கொப்பி பண்ணினா இருக்கிறது மட்டுந்தான் வரும். இது அப்படியில்ல. றப்பரால அழிச்ச தாளப் போட்டோக்கொப்பி எடுத்தா பென்சில் தடமும் விழுமே, அது மாதிரி. பொறகு அத வெளியில எடுக்கலாமாம்.

— அழிச்சது அழிச்சதுதான். அனுசன் விளையாட்டுக்குச் சொல்லியிருப்பான்.

— விளையாட்டில்ல. போன வருசம் நம்மட றிபாத் மச்சான்ட கலியாணத்துல எடுத்த ஒரு வீடியோ காணல்ல. இலக்கம் வரிசையா இருக்கு, நடுவுல ஒண்டு இல்ல. டிஸ்க் அப்பவே பழுதாகத் தொடங்கிட்டாக்கும் எண்டு நினைச்சன். அதையும் எடுக்கலாம் எண்டான்.

— நிப்பாட்டு.

— எதை?

— இதை. கரண்ட் போகும். வெயிலும் கூடிட்டு. நாளைக்குப் பாப்பம்.

— நிப்பாட்டினாத் திரும்பச் சுத்தாது எண்டு இப்பத்தானே சொன்னன்.

— நான் ஒருக்காத்தான் சொல்லுவன், றுஸ்னா.

— பேர் சொல்லிக் கூப்பிட்டா நீங்க கோவத்துல இருக்கிறீங்க. ஆனா முகம் கோவமா இல்ல, வெளுத்துக் கிடக்கு. இருங்க, தண்ணி கொண்டாறன்.

— தண்ணி வேணா. அந்த வீடியோ... அதுல ஒண்டும் இல்ல.

— நானே அதப் பாக்கல்ல வாப்பா. மண்டபத்துல பொம்புளைகள் பக்கம், படிக்கட்டடியில கமராவ வச்சிட்டுச் சோத்துக்குப் போனன், நிப்பாட்ட மறந்திட்டன். திரும்பி வரக்குள்ள சபூறா மதினி படியடியில ரெத்தத்துல கிடந்தா. மறுநாள் உடுப்பெடுக்க ஊட்ட வந்து, எல்லாத்தையும் டிஸ்க்குல ஏத்தி வச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டன். ஒண்டும் இல்லெண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அவ வழுக்கி விழுந்தா. பள்ளியில ஜமாஅத்துக்கு முன்னால நிண்டு நான் சொன்ன சொல் அது.

— கட்டின புருசன், நம்மட முர்ஷித் காக்கா தள்ளினதெண்டுதான் மதினி சொல்றா. வயித்துல அஞ்சு மாசத்துப் புள்ள போச்சு. சனிக்கிழமை காதி கோட்டு விசாரணையில காதியாருக்கு முன்னாலயும் அதத்தான் சொல்லப் போறா. சாட்சி இல்லாததால ஊரே அவவப் பொய்க்காரி எண்டுது. நானும் நம்பல்ல வாப்பா. அவட போனையும் எடுக்கிறதில்ல.

— எடுக்காத.

— நீங்களா அழிச்சீங்க? வாப்பா, என்னைப் பாத்துச் சொல்லுங்க.

— நீ ஆஸ்பத்திரிக்குப் போன பொறகு முர்ஷித் வந்தான். கமரா ஓடிக்கிட்டிருந்தது எண்டான், பெத்த மகன் கால்ல விழுந்தான். முப்பது வருசம் பள்ளிக்கூடத்த நடத்தினவனுக்குக் கொம்பியூட்டர்ல ஒண்ட அழிக்கத் தெரியாதா?

— தள்ளினாரா?

— ரெண்டு கையாலயும்.

— யா அல்லாஹ்.

— குரலக் குறை. பக்கத்து ஊட்டுக்குக் கேக்கும். என்ட வாப்பா, அவர்ட வாப்பா எல்லாரும் தலைநிமிந்து நடந்த தெரு இது. உனக்கும் ஒரு மகள் வளருது. நாளைக்கு ஒருத்தன் மாப்புள பேசி வருவானா?

— அவட மகள் வளரல்லியே வாப்பா. அஞ்சு மாசத்துல கபனிட்டு அடக்கிட்டம்.

— கதைக்காத.

— வயர்ல இருந்து கைய எடுங்க.

— தள்ளு மகள்.

— அறுபது ஊட்டுப் புள்ளைகள் வாப்பா! இப்பத்தானே அமானிதம் எண்டீங்க! சுத்திக்கிட்டிருக்கக்குள்ள இழுத்தா செத்திரும்... வாப்பா, வேணா... வாப்பா!

— முடிஞ்சு.

— சத்தம் நிண்டிட்டு.

— நிக்கட்டும். இந்தா, திரும்பக் குத்தியும் பாத்திட்டன். சுத்தல்ல. நல்லது.

— நல்லதா?

— அறுபது ஊட்டுக்கும் நானே நடந்து போறன். டிஸ்க் பழுதாப் போச்சு, மன்னிச்சுக்குங்க எண்டு கேக்கிறன். இந்த வயசுல அந்த வெக்கத்த நான் தாங்குவன். மத்தது என்னால ஏலா. அழு, ஏசு, என்னவாவது செய். ஏன் மகள் அந்தத் திரையையே பாத்துக்கிட்டிருக்காய்?

— குளோன் முதல்லருந்து வரிசையாத்தான் வரும் வாப்பா. இந்த டிஸ்க் வாங்கினதே றிபாத் மச்சான்ட கலியாணத்துக்கு, முதமுதல் ஏத்தினதும் அதுதான். நீங்க உள்ள வர முதலே அது புதிசுல ஏறி முடிஞ்சு. பொறகு வந்த பொண்ணுகளத்தான் நீங்க அழிச்சிருக்கீங்க.