சுவரில் ஐந்து மாலைகள்

தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தி வைத்திருக்கும் தலைவர் பேனாட் அவர்களே, 1957இல் தொடங்கி இன்று 2007இல் ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடும் இந்தப் பேஸ்பால் கழகத்தின் அன்பர்களே, பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பிவிட்டு வடை சுட்டுக் கொண்டுவந்திருக்கும் தாய்மாரே, என்னிலும் மூத்த ஓரிருவரே, எல்லோருக்கும் இந்தக் கனகலிங்கத்தின் வணக்கம்.

என் பேச்சை ஜேர்மன் மொழியில் சொல்ல நிற்கும் கம்சனாவுக்கும் வணக்கம். "அங்கிள், மெதுவாச் சொல்லுங்கோ" என்கிறாள். கவலைப்படாதை பிள்ளை. இது என் கையால் நான் எழுதிய தாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். விரைவாகப் பேச விரும்பினாலும் எனக்கு ஏலாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடிய மாபெரும் பேஸ்பால் வீரர்களைப் பற்றிப் பேச என்னை அழைத்தார்கள். ஏன் என்னை? பன்னிரண்டு வருடமாக இந்த மைதானத்தில் வெள்ளைக் கோடு போடுகிறவன் நான். கழக மண்டபத்தைக் கூட்டுகிறவனும் நான். மண்டபச் சுவரில் ஐந்து பழைய படங்கள் உண்டு. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அந்த ஐந்துக்கும் மாலை போட்டேன். அதைக் கண்ட கழகத்தார், இந்த மனிதருக்கு அந்த வீரர்களில் எவ்வளவு பற்று என்று வியந்துவிட்டார்கள்.

அன்பர்களே, அவர்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. கழகத்தில் இறந்துபோன பெரியவர்கள் என்றுதான் எண்ணினேன். சுவரிலே பழைய படம், அதன் கீழே பெயர், ஆண்டு. நம்முடைய வீடுகளில் அப்படித் தொங்குபவர் யார்? படத்தின் கீழே இருந்ததை நான் ஏன் வாசிக்கவில்லை? வாசிக்கத் தெரியாது. தமிழும் தெரியாது, ஜேர்மனும் தெரியாது. யார் கடிதம் நீட்டினாலும் "கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டன்" என்பேன். பேனாட் அவர்களே, எனக்குக் கண்ணாடியே கிடையாது.

சிரியுங்கோ, சிரியுங்கோ. முப்பது வருடம் நான் சுமந்த பாரம் உங்கள் சிரிப்பில் இறங்குகிறது.

அழைப்பு வந்ததும் இங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் நேசமலர் ரீச்சரிடம் ஓடினேன். "ரீச்சர், எனக்கு அஞ்சு பேரை மட்டும் வாசிக்கப் பழக்கி விடுங்கோ" என்றேன். "அஞ்சோடை நிப்பாட்ட ஏலாது அண்ணை. செருப்பைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ" என்றார். எட்டு மாதம் தமிழ் எழுத்தும் தந்தார், ஜேர்மன் எழுத்தும் தந்தார். பிறகு ஒரு நாள் தனியாகப் போய் அந்தச் சுவரின் முன் நின்றேன்.

முதற் படம், ஹோனஸ் வாக்னர். எட்டு முறை மட்டைவீச்சில் முதலிடம். அவருடைய தாய் தகப்பன் இந்த ஜேர்மனியிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். பள்ளிக்கூட வயதில் அவர் நிலக்கரி அள்ளினார். அதே வயதில் நான் யாழ்ப்பாணத்தில் கீரிமலைப் பக்கம் சூளைக்குச் சுண்ணாம்புக் கல் சுமந்தேன்.

இரண்டாவது, வால்ற்றர் ஜோன்சன். கண்ணுக்கு எட்டாத வேகத்தில் பந்தெறிந்தவர். தன் பந்து எவர் தலையிலும் பட்டுவிடக் கூடாதே என்று அஞ்சியவர். பலம் இருந்தும் பயந்தாரே, அது அல்லவா பெருமை? மூன்றாவது, கிறிஸ்ரி மத்தியூசன். தாய்க்குக் கொடுத்த வாக்குக்காக ஞாயிற்றுக்கிழமையில் ஆட மறுத்தவர்.

நாலாவது, ஜோ ஜாக்சன். அவர் கதையை ரீச்சர் வாசித்துச் சொன்னபோது என் கண் கலங்கியது. அவருக்கும் எழுத வாசிக்கத் தெரியாதாம். சாப்பாட்டுக் கடையில் பக்கத்தில் இருப்பவர் கேட்பதைக் கவனித்துவிட்டு "எனக்கும் அதுதான்" என்பாராம். ஐயா, அது நான். உருளைக்கிழங்குச் சாலட்டை முப்பது வருடம் நான் விரும்பியா தின்றேன்?

ஐந்தாவது படத்துக்கு வந்தேன். மட்டையோடு ஓர் இளைஞர். வில்ஹெல்ம் ப்ரூனர். 1928. அருகில் சிறு கோடு. கோட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை. மற்ற நால்வருக்கும் இரண்டு ஆண்டு, இவருக்கு மட்டும் ஒன்று. ரீச்சருக்குத் தொலைபேசி எடுத்தேன். "பின்னாலை ஒண்டும் இல்லையெண்டால் ஆள் இருக்கிறார் அண்ணை" என்றார்.

தாய்மாரே, உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டேன். ஒரு முறையா? பன்னிரண்டு முறை. கழகத்தாரிடம் விசாரித்தேன். அவர் கழகத்தைத் தொடங்கியவருள் ஒருவர், இப்போது எர்லாங்கன் நகரில் மகன் வீட்டில் இருக்கிறார், விழாவுக்கு வருவார் என்றார்கள். வருவாரா? வரும்வரை இருப்பாரா? மூன்று கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று நாலு மணிக்கு அந்த வாசலால் அவர் வந்தார். ஊன்றி நடக்கப் பொல்லுக்கூட இல்லாமல் வந்தார். மூன்று வடை சாப்பிட்டார். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ப்ரூனர் ஐயா, முன்வரிசையில் இருக்கும் உங்களிடம் கேட்கிறேன். தெரியாமல் செய்தேன். மன்னியுங்கள்.

கம்சனா, அவர் எழும்பி என்னவோ சொல்லுறார். என்ன பிள்ளை?

"அங்கிள், எழுபத்தொன்பது வயசிலும் தான் எப்பிடி இவ்வளவு சுகமா இருக்கிறன் எண்டு டொக்டருக்கே விளங்கேல்லையாம். இப்பதான் காரணம் விளங்குதாம். மாலையை நிப்பாட்ட வேண்டாமாம்."

இனி வருவது தாளில் இல்லை.

ஐயா, இனிமேல் உங்கள் படத்துக்குப் போட மாட்டேன். எங்கள் வழக்கத்தில் மாலைக்கு இரண்டு இடம் உண்டு. படத்தில் விழுந்தால் அவர் போனவர். கழுத்தில் விழுந்தால் அவர் மேடைக்கு உரியவர். தலைவர் பேனாட் சற்று முன்பு எனக்கு அணிவித்த இந்த மாலையை, அவர் அனுமதியோடு கழற்றுகிறேன். கொஞ்சம் குனியுங்கோ ஐயா. நீங்கள் என்னைவிட உயரம்.

போய்விட்ட நால்வருக்கும் என் மரியாதை. இருக்கும் ஒருவருக்கு என் மாலை. பிழைவிட்ட இடமெல்லாம் பொறுத்து, இருந்து கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.