ரெண்டாவது வயர்

பவர் பட்டனை இப்பத் தொடாதீங்கண்ணே. முதல்ல கம்ப்யூட்டர் மூடியைக் கழட்டுங்க. ஸ்க்ரூவை ஒவ்வொண்ணா நிதானமா எடுங்க. கை பாட்டுக்கு வேலை செய்யட்டும், காது மட்டும் இந்தப் பக்கம் இருக்கட்டும். வாசல்ல நிக்கிறானே, அவனுக்கு நம்ம பாஷை தெரியாது. மெஷினைப் பத்திப் பேசறோம்னு நினைச்சுக்குவான். நீங்க மட்டும் மூஞ்சியை இப்படி வெளுக்க விடாதீங்க.

ஆமா, அவங்க வாங்கி வெச்ச உங்க பாஸ்போர்ட் இனிமே வராது. பதிஞ்சிட்டுத் தர்றோம்னு எங்கிட்டயும் அதேதான் சொன்னாங்க. நான் கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணிட்டிருந்தவன். ஆபீஸ் வேலை, தங்க இடம், சாப்பாடுன்னாங்க. பொய் சொல்லல, எல்லாம் இருக்கு. ஜன்னலுக்கு வெளிய கம்பி, கம்பிக்கு வெளிய சுவரு. படுக்கறது மாடியில. நடுவுல இருக்கிற படிக்கட்டுதான் நமக்கு ஊரு, உலகம், காத்தாட நடக்கிற இடம் எல்லாம்.

இதுக்கா, என்ன கோளாறுன்னா, சும்மா இருந்தா சமர்த்தா ஓடும். டைப் பண்ணலாம், படம் பாக்கலாம். வீடியோ கால் போட்டு, முகத்தை மாத்தற சாஃப்ட்வேரை ஓட விட்டாத்தான் வம்பு. கிராபிக்ஸ் கார்டுக்கு லோடு ஏறும், ஃபேன் ஊளையிடும், திரை கறுப்பாயிடும். கொஞ்ச நேரத்துல தானே ரீஸ்டார்ட் ஆகும்.

அதான் இங்க தொழிலே. நான் கேமரா முன்னாடி உக்காருவேன், அந்தப் பக்கம் தெரியறது என் மூஞ்சி இல்ல. லட்சணமா ஒரு டாக்டர். வெளிநாட்டுல வேலை, தனி ஆளு, தேனா பேசுவான். பேசிப் பேசியே எதிர்ல இருக்கிறவங்க பணத்தைக் கறந்துடணும். மாட்டேன்னா மாடியில ஒரு ரூம் இருக்கு. நானும் அங்க இருந்துட்டுத்தான் வந்தேன். அதை மட்டும் கேக்காதீங்க.

நீயே சரி பண்ணுடான்னான் மேனேஜர். தூசியை ஊதினேன். டிரைவர் சாஃப்ட்வேரை அழிச்சுட்டுப் பழசைப் போட்டேன். சூடு பாத்தேன், ஏறல. மெமரியை மாத்தினேன். கடைசியில கார்டையே கழட்டிப் பக்கத்து மெஷின்ல மாட்டினா, அங்க என்ன லோடு கொடுத்தாலும் கல்லு மாதிரி நிக்குது. அப்ப கோளாறு கார்டுல இல்லன்னு ஆச்சா? இப்ப உள்ள பாருங்க. கார்டுக்குக் கரண்ட் போக ரெண்டு வாய் இருக்கு. ரெண்டுக்கும் ஒரே வயர்லேர்ந்து கிளை. ஒத்த ஆள் தலையில ரெண்டு மூட்டை. இன்னொரு வயர் அந்த மூலையில சுருண்டு கெடக்கு, எடுத்து மாட்டினா முடிஞ்சுது.

தெரிஞ்சும் ஏன் மாட்டலன்னா... மாட்டினேண்ணே. ஒரு நாள் பூரா நல்லா ஓடுச்சு. நான்தான் திரும்ப உருவிட்டேன்.

ஸ்க்ரூவைக் கீழ போடுங்க, குனிஞ்சு தேடுங்க. அவன் பாக்கறான்.

சரி, போயிட்டான்.

பணம் கறக்கச் சொல்லி எனக்குன்னு ஒப்படைச்ச அம்மா ஒருத்தங்க இருக்காங்க. காது கேக்காத பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல டீச்சர். திரை கறுப்பானா இங்கதான் ஒண்ணும் தெரியாது. கால் உடனே கட்டாகாது, சத்தம் போகாட்டியும் கேமரா ஓடிட்டே இருக்கும், டாக்டர் மூஞ்சி கழண்டு என் மூஞ்சி போயிடும் அந்தப் பக்கம். ஒரு தடவை அப்படி ஆனப்ப நான் தலையில கை வெச்சு, ஐயோ கடவுளேன்னு முனகிட்டு உக்காந்திருந்திருக்கேன். மறுநாள் கால்ல அந்தம்மா டாக்டரைப் பாத்து, நேத்து கடவுளேன்னு அழுதீங்களே, சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க.

சூப்பர்வைசர் நம்ம ஆளு, பாஷை தெரிஞ்சவன், பின்னாடிதான் உக்காந்திருப்பான். இப்ப சாப்பிடப் போயிருக்கான். நல்லவேளை, அன்னிக்கு அவனுக்கு அது கொஞ்சலாத் தெரிஞ்சிருக்கு, சிரிச்சான்.

அப்பத்தான் எனக்கு உறைச்சுது. உதட்டசைவைப் படிக்கிறது அந்தம்மாவுக்குத் தினப்படி வேலை. அடுத்த தடவை திரை போனதும் சத்தமே இல்லாம எங்க அக்கா நம்பரைச் சொன்னேன். புரிஞ்சுதா இல்லையான்னு தெரியாது. மறுநாள் மெஷின் ஆன் ஆயி, டாக்டர் திரும்ப வந்து, எப்பவும் போல வழிஞ்சு பேசிட்டிருக்கேன், நல்லவேளை சூப்பர்வைசர் எழுந்து போயிருந்த நேரம், அந்தம்மா சொல்றாங்க, டாக்டர், உங்க அக்காகிட்ட பேசினேன், தம்பி உயிரோட இருக்கானான்னு ஒரே அழுகைன்னு.

டாக்டர் சிரிச்சுட்டுதாண்ணே இருந்தான். எனக்கு உள்ள என்ன ஆச்சுன்னு அவன் மூஞ்சியில வரவே இல்ல.

அன்னிலேர்ந்து அவங்களும் எனக்காக நடிக்கிறாங்க. பணம் இதோ வருது, அதோ வருதுன்னு இழுத்துட்டே. ரொம்ப நாள் இழுக்க முடியாது. சூப்பர்வைசருக்குப் பொறுமை போயிடுச்சு, மெஷினைச் சரி பண்ணத்தான் உங்களையே வரவழைச்சாங்க.

இன்னிக்கு அந்தம்மாவோட ஒரு கால் இருக்கு. அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு, இடம் எங்கன்னு. எனக்குத் தெரியாதுண்ணே. என்னைக் கண்ணைக் கட்டி, வேன்ல படுக்க வெச்சுக் கொண்டாந்தாங்க. உங்களை ஏதோ கார்ல, பகல்ல, முன் சீட்லன்னு சொன்னாங்களே.

வர்ற வழியில என்ன பாத்தீங்க? போர்டு, பாலம், ஏதாச்சும்? யோசிச்சுச் சொல்லுங்க. சத்தம் வேணாம், சூப்பர்வைசர் வர்ற நேரம், உதட்டை மட்டும் அசைங்க... ஆறா? ஆத்தைத் தாண்டி... சிமெண்ட் ஃபேக்டரி. பேரு? இன்னொரு தடவை.

சரி, பதிஞ்சிடுச்சு. அந்த ரெண்டாவது வயரைத் தொடாம மூடியை மாட்டிடுங்க. அப்படியே உங்க வீட்டு போன் நம்பரையும் சொல்லுங்கண்ணே. திரை கொஞ்சம் கூடுதலா கறுப்பா இருந்தா, அதையும் சொல்லிடறேன்.