என் பக்கத்து பிரேக்

இல்ல டீச்சர், தூங்கல. கண்ண மூடியிருந்தேன், அவ்வளவுதான். வண்டி கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ஜெபம், பழக்கமாயிடுச்சு. இத வெச்சு பெரிய ரகளையே நடந்திருக்கு. முன்ன ஒரு அம்மா எங்கிட்ட கத்துக்கிட்டாங்க. நேரா டிரைவிங் ஸ்கூல் முதலாளிகிட்ட போய், நான் வண்டிய எடுத்தாலே உங்க வாத்தியார் கண்ண இறுக்க மூடிக்கறாரு, நான் அவ்வளவு மோசமாவா ஓட்டறேன்னு கேட்டு கண்ணு கலங்கிட்டாங்க. முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஜெபம் பண்ணுங்க வேண்டாங்கல, கண்ண தொறந்துட்டு பண்ணுங்கன்னுட்டாரு. பண்ணிப் பாத்தேன். கண்ண தொறந்தா ரோடு தெரியுது. ரோட்ட பாத்தா எனக்கு ஜெபத்து மேல நம்பிக்கை போயிடுது.

சரி, கிளட்ச்ச முழுசா அமுக்குங்க. சாவி. ஃபர்ஸ்ட் கியர். கண்ணாடி பாத்தாச்சா? இப்ப கால மெதுவா விடுங்க, டபக்குன்னு எடுத்துடாதீங்க. ஆங். போகுது பாருங்க.

கொஞ்சம் முன்னாடி போன்ல யாருன்னா கேக்கறீங்க? வீட்டு ஆளுதான். என் கொழுந்தியா. அவளுக்கு எப்பவும் போன்தான். நீங்க ரோட்ட பாருங்க.

மைதானத்துக்கு இல்ல டீச்சர். இன்னைக்கு வேற ரூட். அங்க சுத்தி சுத்தி அந்த கோல் போஸ்ட்டுக்கே நம்மள பாத்து அலுத்துப்போச்சு. டெஸ்ட் வருதுல்ல, ஒரு நாளாவது டிராஃபிக்ல ஓட்டணும். மெயின் ரோட்டுக்கே போயிடலாம். கீழ குனியாதீங்க. கியர் எங்கயும் ஓடிப் போகாது. என் கால் பக்கம்லாம் பாக்கவே வேண்டாம், அங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. கண்ணு ரோட்டுல.

நேத்து நீங்க கோவிச்சுக்கிட்டு போனது எனக்கு மறக்கல. நான் பிரேக் போடலாம்னு நினைக்கும்போதே நீங்க போட்டுடறீங்க, அப்புறம் எனக்கு எப்ப வரும்னு கேட்டீங்க. நியாயமான கேள்வி. ராத்திரி சாப்பிடும்போது கூட அதுதான் மனசுல ஓடுச்சு. என்ன பண்றது, இந்த வண்டிய டிரைவிங் ஸ்கூலுக்கு மாத்தும்போதே என் பக்கம் ஒரு பிரேக் வெச்சுக் குடுத்துட்டாங்க. இருந்தா கால் சும்மா இருக்குமா? எனக்கு இப்ப எங்க உக்காந்தாலும் கால் அமுக்குது. பஸ்ல போனா முன் சீட்டுக்கு அடியில அமுக்கறேன். முன்னாடி இருக்கறவங்க திரும்பி மொறைக்கறாங்க. சபையில பாஸ்டர் கொஞ்சம் வேகமா பிரசங்கம் பண்ணி, கேட்டதெல்லாம் இந்த வாரமே கிடைக்கும்னு ஒரு போடு போட்டாருன்னா, என் கால் தானா பெஞ்சுக்கு கீழ போய் தரைய அமுக்குது. பக்கத்துல என் வீட்டுக்காரி உக்காந்திருப்பா. என் முட்டிய தட்டி, பேசாம உக்காருங்க, அவரு ஓட்டறாரு, நீங்க இறங்கப் போறீங்களாம்பா.

செகண்ட் போடுங்க. போட்டுட்டு கைய எடுத்து ஸ்டியரிங்ல வைங்க. அந்த கியர புடிச்சுக்கிட்டே வர்றதுக்கு அது என்ன கொழந்தையா.

என் வீட்டுக்காரி சொல்லுவா, உங்க ஜெபத்துலயும் உங்க பக்கம் ஒரு பிரேக் இருக்குன்னு. உங்களுக்கு இதெல்லாம் பழக்கம் இருக்கோ இல்லியோ, கேளுங்க. எங்க வீட்ல தினம் சாப்பாட்டுக்கு முன்னாடி குடும்ப ஜெபம். நான்தான் பண்ணுவேன். குரல் நல்லா இருக்குன்னு பேரு. அன்பும் இரக்கமுமுள்ள பரலோக பிதாவேன்னு ஆரம்பிச்சேன்னா சாதம் ஆறிடும். ஆனா என்ன கேட்டாலும் கடைசியில உமக்குச் சித்தமானால்னு ஒண்ணு போட்டுடுவேன். அதாவது உங்களுக்கு விருப்பம் இருந்தா குடுங்க, இல்லன்னா பரவாயில்லன்னு. கேக்கறதுக்கு பணிவா இருக்கும். சபையில எனக்கு சித்தமண்ணன்னே பேரு வெச்சுட்டாங்க.

இந்த கொழுந்தியாளுக்கு ஒரு இன்டர்வியூ வந்துச்சு. என்னைக் கூப்பிட்டு, மாமா தலையில கைய வெச்சு ஜெபம் பண்ணுங்கன்னா. நானும் பண்ணேன். இந்த வேலைய இவளுக்குக் குடுங்க, உமக்குச் சித்தமானால். இது இல்லன்னா வேற ஒண்ணு குடுங்க. அதுவும் சித்தமில்லன்னா காத்திருக்கற பொறுமையக் குடுங்க. கடைசி வரைக்கும் கிடைக்கலன்னா தாங்கற பெலனையாவது குடுங்கன்னு முடிச்சேன். அவ கண்ண தொறந்து, மாமா, நீங்க ஆமென் சொல்றதுக்குள்ள நான் வேலை இல்லாம கிழவியே ஆயிட்டேன்னா. வேலை கிடைச்சுது, அது வேற விஷயம். என்னால கிடைச்சுதுன்னு யாரும் சொல்லல.

சைக்கிள், சைக்கிள், சைக்கிள்! அப்பாடா. இல்ல டீச்சர், நான் போடல. நீங்கதான் போட்டீங்க. சத்தியமா. ஆறுதலுக்குச் சொல்லல. அந்த ஆளு குறுக்க வந்தான், நீங்க கிளட்ச்சும் பிரேக்கும் சேத்து அமுக்குனீங்க, வண்டி நின்னுச்சு. நான் வாயாலதான் கத்துனேன். அவனுக்கென்ன, பாட்டு கேட்டுக்கிட்டே போறான். நீங்க மூச்ச விட்டுட்டு மறுபடி ஃபர்ஸ்ட்லேர்ந்து எடுங்க. பின்னாடி பஸ்காரன் ஹார்ன் அடிச்சா அடிக்கட்டும். அவனும் ஒரு காலத்துல எல் போர்டு மாட்டுனவன்தான்.

எங்க விட்டேன்? ஆங், பக்கெட்டு. இன்னும் சொல்லலியா? போன மழைக்கு எங்க கூடத்துல கூரை ஒழுகுச்சு. மழை நிக்கணும்னு ஊக்கமா ஜெபம் பண்ணேன். கண்ண தொறந்து பாத்தா என் வீட்டுக்காரி எதிர்ல நின்னு சிரிக்கறா. பக்கெட்ட மொதல்ல வெச்சீங்க, பக்கத்துல முழங்கால அப்புறம் வெச்சீங்க, எத நம்பி உக்காந்திருக்கீங்கன்னு மேல இருக்கறவருக்குத் தெரியாதாங்கறா. உள்ளத சொன்னா, பக்கெட்டு நல்லா வேலை செஞ்சுது.

இப்ப மேடு வருது. சிக்னல் விழுந்துடுச்சு, நிறுத்துங்க. ஹாண்ட் பிரேக்க போடுங்க. பச்ச விழுந்ததும் ஹாஃப் கிளட்ச், கொஞ்சம் ஆக்சிலேட்டர், வண்டி லேசா உறுமும், அப்ப ஹாண்ட் பிரேக்க விடுங்க. பின்னாடி போயிடுமோன்னு பயப்படாதீங்க. என்னைப் பாக்காதீங்க, லைட்ட பாருங்க. நான் புடிச்சுப்பேன்னு நினைச்சு ஓட்டாதீங்க.

பயந்தாங்கொள்ளி நான்தான் டீச்சர். அவ ஒரு நாள் நேராவே கேட்டா. நீங்க சித்தமானால்னு சொல்றது பணிவாலயா, இல்ல நடக்கலன்னா உங்க மானம் போகக் கூடாதுன்னா? எனக்கு சுருக்குன்னுச்சு. ஆனா விஷயம் அதுதான். நேரா கேட்டுட்டு, அவரு இல்லன்னுட்டாருன்னா, மறுநாள் எந்த மூஞ்ச வெச்சுக்கிட்டு போய் முழங்கால் போடறது? அதுக்கு நானே முன்கூட்டி ஒரு இல்லங்கற பதில அவரு வாயில வெச்சுடறது. அவரு சொல்றதுக்குள்ள நான் சொல்லிட்டா வலி கம்மி பாருங்க. உங்களுக்கு முன்னாடி நான் பிரேக் போடற மாதிரியே.

பச்ச! விடுங்க, விடுங்க, ஆக்சிலேட்டர் குடுங்க... ஏறிடுச்சு! ஒரு இஞ்ச் கூட பின்னாடி போகல. என்ன சிரிக்கறீங்க? சிரிங்க, தப்பில்ல. ரோட்ட பாத்து சிரிங்க.

அவளா? நல்லா இருக்கா. இருக்கான்னா, ஆஸ்பத்திரியில இருக்கா. தலைக்குள்ள ஒரு கட்டி. சின்னதுதான்னு சொன்னாரு டாக்டர், ஆனா அது இருக்கற இடம் சரியில்லன்னாரு. இடம் சரியில்லன்னா வேற வீடு பாத்துட்டு போக வேண்டியதுதானே, எங்க வீட்டுக்காரி மண்டைதான் கிடைச்சுதான்னு கேட்டேன். டாக்டர் சிரிக்கல. இவதான் சிரிச்சா. ஆபரேஷன்னு சொல்லியிருக்காங்க. ஐயையோ, வேகத்த கொறைக்காதீங்க டீச்சர், பின்னாடி லாரி வருது. அதெல்லாம் பாத்துப்பாங்க. கண்ணாடி பாருங்க. ரவுண்டானா வருது.

சுத்தி வர்ற வண்டிக்கு வழி விடுங்க. அவன் போகட்டும். அந்த வேன் போகட்டும். இப்ப நீங்க. பாத்தீங்களா, நான் ஒண்ணும் சொல்லாமலே நீங்களே நுழைஞ்சுட்டீங்க. லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டு ரெண்டாவது வழியில வெளிய வாங்க. ஆமா, பெரிய கட்டடம் தெரியுதுல்ல, அந்தப் பக்கம்தான்.

காலையில அவள உள்ள கொண்டு போறதுக்கு தள்ளு கட்டில் வந்துடுச்சு. ஆமா, இன்னைக்கு காலையிலதான். ஆஸ்பத்திரி ஊழியர் ஒருத்தர் கட்டில புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. தலமுடிய எடுத்துட்டாங்க அவளுக்கு. அதுக்கும் என் வழுக்கத் தலைய பாத்து ஒரு கிண்டல், இப்ப நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சீப்பு கூட வேண்டாம்னு. எனக்கு ஜெபம் பண்ணுங்கன்னா. சுருக்கமா பண்ணுங்க, இவரு நிக்கறாரு பாவம். அப்புறம் இன்னைக்கு மட்டும் அந்த சித்தமானால் வேண்டாம். அவரு சித்தம் அவருக்குத் தெரியும், நீங்க ஞாபகப்படுத்த வேண்டாம். உங்களுக்கு என்ன வேணுமோ அத சொல்லுங்கன்னா.

சபையில அத்தனை பேர் முன்னாடி மணிக்கணக்கா ஜெபிச்ச வாய் டீச்சர் இது. அன்பும் இரக்கமும்னு ஆரம்பிச்சேன், அந்த ரெண்டு வார்த்தைக்கு மேல வரல. அப்புறம், இவ எனக்கு வேணும்னேன். அவ்வளவுதான். கட்டில் தள்றவர்தான் ஆமென்னாரு. இவ என் கைய தட்டிட்டு, இத சொல்றதுக்கா இத்தனை வருஷம் சாதத்த ஆறவெச்சீங்கன்னு கேட்டுட்டு உள்ள போயிட்டா. போறதுக்கு முன்னாடி, இங்க உக்காந்து கால ஆட்டிக்கிட்டு நர்ஸுங்கள பயமுறுத்தாதீங்க, போய் அந்த டீச்சருக்கு ஓட்டச் சொல்லிக் குடுங்க, அவங்களாவது பாஸாகட்டும்னா. உங்களைப் பத்தி அவளுக்கு எல்லாம் தெரியும்.

ஆமா, இந்த கேட்டுதான். உள்ள விடுங்க. வாட்ச்மேன் எல் போர்ட பாத்து பயப்படறாரு, பயப்படட்டும். அந்த வெள்ள வண்டிக்குப் பக்கத்துல நேரா. கிளட்ச், பிரேக். ம். நியூட்ரல். ஹாண்ட் பிரேக்க போடுங்க. வண்டிய நிறுத்திடுங்க.

நல்லா ஓட்டுனீங்க டீச்சர். டெஸ்ட்ட பத்தி இனிமே கவலப்படாதீங்க. வண்டி நின்னுடுச்சு, இப்ப நீங்க கீழ பாக்கலாம். பாத்துக்குங்க. ரெண்டு காலும் சீட்டுக்கு அடியில மடக்கி வெச்சிருக்கேன், ஸ்கூல் வாசல்லேர்ந்து இங்க வரைக்கும். என் பக்கத்து பிரேக்க இன்னைக்கு நான் தொடவே இல்ல. திட்டாதீங்க. திட்டறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு, ஆனா நாளைக்கு திட்டுங்க. பெரிய விசுவாசம்னுல்லாம் நினைச்சுடாதீங்க. கால் நடுங்குது, அவ்வளவுதான். கொழுந்தியா போன் பண்ணாள்ல, அப்ப புடிச்ச நடுக்கம். ஆபரேஷன் முடிஞ்சுது மாமா, டாக்டர் உங்ககிட்ட பேசணுமாம், உடனே வாங்கன்னு வெச்சுட்டா. நல்லதா கெட்டதான்னு அவ சொல்லல, நானும் கேக்கல. இந்தக் கால வெச்சுக்கிட்டு நானே ஓட்டிட்டு வந்திருந்தா நாலு பேர் மேல ஏத்தியிருப்பேன். அதான் உங்களை ஓட்டச் சொல்லிட்டு, காலையில கேட்டதையே திருப்பித் திருப்பி உள்ளுக்குள்ள கேட்டுக்கிட்டு வந்தேன். வெளிய இந்த வாய் பாட்டுக்கு என்னென்னமோ உளறிட்டு வந்துச்சு.

அதோ, படிக்கட்டுல நிக்கறா பாருங்க, நீல துப்பட்டா, அவதான் கொழுந்தியா. வண்டிய பாத்துட்டா. கைய ஆட்டறா. மூஞ்சி தெரிய மாட்டேங்குது எனக்கு, கண்ணாடிய வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன். உங்களுக்கு நல்ல பார்வை, அந்த மேட்டு மேலேர்ந்தே போர்டெல்லாம் படிச்சீங்க. அவ சிரிக்கறாளா அழறாளா, கொஞ்சம் பாத்து சொல்லுங்களேன் டீச்சர்.

இல்ல, வேண்டாம். சொல்லாதீங்க. கதவு லாக்க மட்டும் உங்க பக்கத்துலேர்ந்து எடுத்து விடுங்க, நானே போறேன்.