அக்கா கொடுத்த கிட்னி

— மூச்சை அடக்காதீங்க சந்திரசேகர் சார். விட்டுக்கிட்டே தொப்புளை முதுகுப் பக்கம் இழுங்க. மேனகாம்மா எவ்வளவு அழகா செய்யறாங்க பாருங்க.

— என்ற அக்கா எப்பவுமே அப்படித்தானுங்க பவித்ரா டீச்சர். எதுலயும் என்னை முந்தலீன்னா அதுக்குத் தூக்கம் வராது.

— அடேய், போன்ல கோள் சொல்றியா? ஏனுங்க டீச்சர், இவன் தலையைத் தூக்கறானுங்க.

— வேண்டாம் சார், தலை கீழயே இருக்கட்டும். கிட்னி வெச்சு நாலு மாசந்தான் ஆகுது. அடிவயித்துல இழுத்துப் பிடிச்சா உடனே நிறுத்திடணும். குடுத்தவங்களுக்கும் அதேதான் மேனகாம்மா. இப்ப முட்டியை மடக்கி, இடுப்பை மட்டும் மெதுவா...

— டீச்சர்? டீச்சர்?

— போச்சு. சேலத்துல உக்காந்து பேசறவங்களுக்கு உங்க கொட்டச்சேட்டு மலை டவரைப் பத்தி என்ன தெரியும்? மேக மப்பு எறங்கினா லைன் அவ்வளவுதான்.

— அப்ப இன்னைக்குப் போதும்க்கா. எந்திரி, காப்பி குடிக்கலாம்.

— படுடா. பிலாட்டீஸ் பயிற்சி என்ன டவர்லயா இருக்குது? கிளியூர்ல இருந்து பஸ் புடிச்சு வந்தது காப்பி குடிக்கவா? இடுப்பைத் தூக்கு. நானும் தூக்கறேன்.

— வலிக்குதாக்கா?

— வலி இல்ல. விலாவுல யாரோ கயிறு கட்டி இழுக்கற மாதிரி. போன மாசம் குடம் தூக்கவே பயமா இருந்துச்சு. நேத்து அரைக்கூடை காப்பிப்பழம் நானே தூக்கிட்டு வந்தேன்.

— உன்னை ஆரு தூக்கச் சொன்னது?

— உனக்கென்னடா கோவம்?

— உன்ற கிட்னி என்ற வயித்துக்குள்ள கெடக்குது. நான் கோவப்படாம வேற ஆரு படறது?

— அடேங்கப்பா! ஆறு வருசம் பேசாம கெடந்தியே, அப்ப எங்க போச்சு இந்த அக்கறை? தாய்மாமன் வரலீன்னு சிவரஞ்சனி மணையில உக்காந்து அழுதுச்சு.

— பொண்ணு கல்யாணத்துக்கு நீ ஊட்டுக்கு வந்து கூப்பிட்டியா? பத்திரிகையை பஸ் டிரைவர்கிட்டக் குடுத்து உட்டே.

— எனக்கு அன்னைக்குக் காய்ச்சல்டா.

— சொல்லியிருக்கலாமில்ல?

— எங்க சொல்றது? போனை எடுத்தியா நீ? இடுப்பு எறங்குது பாரு, தூக்கு.

— நான் மண்டபம் வரைக்கும் வந்தேன்க்கா. ஜீப்பை ரோட்டோரம் நிறுத்திட்டு உள்ளயே உக்காந்திருந்தேன். கெட்டிமேளம் கேட்டதும் திருப்பிட்டுப் போயிட்டேன்.

— பாத்தேன் சாமி. நீ எறங்கி வருவேன்னுதான் மாமன் நிக்கற எடத்துல வேற ஆரையும் நிக்க உடல.

— அழுவாதக்கா. தையலுக்கு ஆகாது.

— நீ மொதல்ல உன்ற மூக்கைத் தொடை.

— ஒண்ணு கேக்கோணும். காலையில சசிரேகா வாய்தவறி ஒரு சேதி சொல்லிட்டா.

— உன்ற பொண்டாட்டி வாய் என்னைக்குச் சும்மா இருந்துச்சு? என்னவாம்?

— அவ கிட்னியும் எனக்குப் பொருந்தியிருக்குது. குடுக்க அவ ரெடியாத்தான் இருந்திருக்கறா. நீதான் ஆஸ்பத்திரியில அவ கையைப் புடிச்சு, நான் குடுக்கறேன், நீ குறுக்க வராதேன்னியாம். எதுக்குக்கா? பேச்சுவார்த்தையே இல்லாத ஒருத்தனுக்கு?

— அவ குடுத்திருந்தாலும் நீ பொழச்சிருப்பே. அதுல எனக்குச் சந்தேகமில்லடா. ஆனா உன்ற ஊட்டுப் படியேற எனக்கு வேற என்ன சாக்கு இருந்துச்சு?