வண்டி வந்ததும் அடங்குற வீடு

இல்லண்ணே, மேடையில பேசப்போறது நான் இல்ல, எங்க சார். நான் அவர்கிட்ட ஆராய்ச்சி பண்ற பொண்ணு. பேச்சுக்கு நடுவுல போடவேண்டிய ஒலிப்பதிவை மைக்செட் அண்ணன் உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு. இந்தாங்க.

என்ன ஆராய்ச்சியா? சிரிக்கக் கூடாது. வீட்டுல யாரு சத்தத்துக்கு யாரு அடங்குறாங்கன்னு. நாப்பது வீடு, சாயங்காலம் வீட்டுக்கு ஒரு மணி நேரம். வீட்டுப் பொம்பளைங்ககிட்ட சொல்லித்தான் ரெக்கார்டர் வெச்சேன். தெருமுனையில வீட்டு ஆம்பளையோட வண்டிச் சத்தம் கேக்கும் பாருங்க, உடனே டிவி குறையும். பொண்ணுங்க சிரிப்பு நிக்கும். பாத்திரம்கூட பூனை மாதிரி நடக்கும். நாம பாத்திரம் தேய்ச்சா அது இரைச்சல், அவங்க செருமுனா அது உத்தரவு! ஏண்ணே தலையைக் குனியிறீங்க? உங்க வீட்டுலயுமா? இருங்க, உங்களை அப்புறம் கவனிச்சுக்கறேன்.

மூணு வருஷம்ணே. முதல்ல சார்கிட்ட கொண்டுபோய்க் காட்டினப்போ, இதெல்லாம் ஆராய்ச்சியாம்மா, வெறும் அடுப்படி வம்புன்னாரு. இப்போ அழைப்பிதழைப் பாருங்க. தலைப்பு என்னுது, நாப்பது வீடும் என்னுது, பேரு மட்டும் அவருது. கேட்டா, நன்றி சொல்றப்போ உன்னையும் சேத்துக்கறேன்கறாரு. நான் என்ன, வாசத்துக்குப் போட்டுட்டு ஒதுக்கி வைக்கிற கறிவேப்பிலையா?

சண்டையா? போடலையே. சரிங்க சார்னு பவ்யமா வந்துட்டேன். போன வாரம் கூப்பிட்டு, சபையில போட தெளிவா ஒண்ணு குடும்மான்னாரு. குடுத்தேன். ஒருவாட்டி கேட்டுடுங்க சார்னேன். எல்லாம் ஒரே மாதிரிதானேன்னு, எத்தனை நிமிஷம்னு மட்டும் பாத்துக்கிட்டாரு. காது கொடுத்துக் கேக்கறதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசப்போற மனுஷன்!

ஓட்டிப் பாக்கணுமா? தாராளமா. இந்தா, ரெண்டு பொண்ணுங்களும் அம்மாவும் சிரிக்கிறாங்களா. இப்போ வண்டி. கதவு. கேட்டீங்களா, பேச்சு மூச்சில்ல. இது சாப்பாட்டுத் தட்டு சுவத்துல மோதுறது. இப்போ கத்துறாரு பாருங்க.

எங்கயோ கேட்ட குரலா இருக்கா? இருக்கும், இருக்கும். அரை மணிக்கு முன்னாடி உங்க மைக்லதான் ஹலோ ஹலோன்னாரு.

இது நாப்பத்தொண்ணாவது வீடுண்ணே. சார் வீட்டம்மாவே போன் பண்ணி, எங்க வீட்டுலயும் வைம்மான்னாங்க. அலமாரி மேல வெச்சதும் அவங்கதான். அதோ, முன்வரிசையில, பொண்ணுங்க ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வெச்சுட்டு.